அன்னா சத்தியநாதனின் ‘நல்ல தாய்’
(நினைவுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அன்னா சத்தியநாதன் 1832இல் பிறந்து 1878இல் மறைந்தார். 46 ஆண்டுகளே வாழ்ந்த அவரை நம் சபை வரலாறுகள் அறிமுகப்படுத்தும் விதத்தைப் பாருங்கள். தென்னிந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் குருவானவரான ஜான் தேவசகாயத்தின் மகள்; சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயப் போதகர் டபிள்யூ. டி. சத்தியநாதனின் மனைவி, சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் சாமுவேல் சத்தியநாதனின் தாய், நாவலாசிரியை கிருபாபாய்க்கும் பத்திரிகையாசிரியை கமலாவுக்கும் மாமியார் முறை. உறவுப் பெயர்கள் நாற்புறமும் நெருங்கி நிற்க, நடுவே இருக்கவேண்டியவர் கண்ணில் படுவதில்லை. கூடுதலாக ஒரு வரி எழுதினால், பக்தியுள்ள தாய் என்றும் அன்புள்ள ஆசிரியை என்றும் எழுதி முடித்துக்கொள்கிறோம். அந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். தாய் என்பதும் ஆசிரியை என்பதும் அன்னாவிடம் அருகருகே இருந்த இரண்டு நற்குணங்கள் என்று நாம் எண்ணிவிட்டோம். அவர் அவ்விரண்டையும் தெரிந்தே ஒன்றாக்கினார். தாயின் கடமைக்குள் கல்வியைக் கொண்டுவந்து வைத்ததே அவர் செய்த பெருஞ்செயல். அதன் விளைவு அவர் நினைத்ததற்கும் அப்பால் சென்றது. இதை எடுத்துக்காட்டுவதே என் நோக்கம்.

முதல் சான்று அவருடைய புத்தகம். தமிழில் அவர் எழுதிய சிறுநூலின் பெயர் ‘நல்ல தாய்’. பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தாய்மாருக்குச் சொல்லும் நூல் அது. இன்றைய வாசகருக்கு அந்தத் தலைப்பு சாதுவாகப்படும். தாயைப் புகழாத தமிழ் நூல் உண்டா என்று கேட்கத் தோன்றும். ஆனால் நம் மரபு தாயைப் புகழ்ந்த அளவுக்கு, அறிவு கொடுக்கும் பொறுப்பைத் தாயிடம் ஒப்படைத்ததில்லை. பொன்முடியாரின் புறநானூற்றுப் பாட்டு ஒன்றை எல்லோரும் அறிவோம். பெறுவதையும் பேணுவதையும் தாயின் பங்கில் வைத்து, அறிவும் பண்பும் உடையவனாக ஆக்குவதைத் தந்தையின் பங்கில் வைக்கிறது அந்தப் பாட்டு. பாடியவர் ஒரு பெண் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அத்தனை ஆழத்தில் வேரூன்றிய பிரிவினை அது. திண்ணைப் பள்ளிக்கூடம் வரை அதுதான் நடைமுறை. எழுத்தைத் தொடங்கிவைப்பவர் வாத்தியார், பிள்ளையை அவரிடம் அழைத்துச் செல்பவர் தகப்பன், விஜயதசமிக்குப் பலகாரம் செய்பவள் தாய். இந்த மரபில், தாய் நல்லவளாக இருக்க வேண்டுமென்றால் முதலில் அவள் கற்றிருக்க வேண்டும் என்று ஒரு பெண் தமிழில் புத்தகம் எழுதினால், தந்தையின் பங்கில் ஒரு பகுதியை அவள் தன் பக்கம் எடுத்துக்கொள்கிறாள் என்றே பொருள். அதை அன்னா சண்டையாகச் செய்யவில்லை. பணிவான தலைப்பு ஒன்றின் கீழ் செய்தார்.

இந்தத் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? பதிலைத் தரங்கம்பாடியிலிருந்து தொடங்க வேண்டும். 1706இல் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு அடுத்த ஆண்டே அங்கே பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வைத்தார். காரணம் எளிமையானது. சீர்திருத்தச் சபையின் பக்தி, வாசிக்கும் பக்தி. வேதாகமத்தை அவரவர் கையில் எடுத்து வாசிக்க வேண்டும். வீட்டில் காலையும் மாலையும் குடும்ப ஜெபம் நடக்க வேண்டும். பிள்ளைகள் ஞானோபதேச வினாவிடையை ஒப்பிக்க வேண்டும். தகப்பன் வயலிலோ வெளியூரிலோ இருக்கும் நாளில் இவற்றையெல்லாம் நடத்துபவள் தாய்தான். எழுத்தறியாத தாய் இருக்கும் வீட்டில் பாதிப் பக்தி நின்றுபோகும். ஆகவே, பெண்ணுக்கு எழுத்து வேண்டும் என்பது அந்தச் சபையில் ஆன்மிகத் தேவையாகவே எழுந்தது. தரங்கம்பாடியின் அந்தப் பள்ளி மரபில் வளர்ந்தவர்தான் ஜான் தேவசகாயம். பின்பு திருநெல்வேலிச் சீமையின் கடாட்சபுரத்தில் போதகராக இருந்தார். அவருடைய வீட்டுப் பெண் எழுத்தறிந்தவளாக இருந்ததில் வியப்பில்லை. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் குடியிருந்த விசுவாசத்தைப் பற்றிய ஒரு குறிப்பு வருகிறது. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இந்தப் பெயர்கள் ஏன் இவ்வளவு பிரியத்துடன் சொல்லப்பட்டன என்று யோசித்துப் பாருங்கள். விசுவாசம் பெண் வழியாக இறங்கிவர முடியும் என்பதற்கு வேதமே தரும் சாட்சி அது.

1849இல் அன்னாவுக்குத் திருமணம் நடந்தது. கணவர் இந்துக் குடும்பத்தில் பிறந்து, பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படிக்கும்போது கிறிஸ்தவரானவர். மதம் மாறுவதால் வீடு எப்படி உடையும் என்பதை அவர் வழியாக அன்னா அறிந்திருப்பார். பின்னால் மற்றவர்களுடைய வீடுகளுக்குள் போய்க் கற்பித்தபோது இந்த அறிவு அவரோடு சென்றிருக்கும் என்று நான் கருதுகிறேன். 1860களில் சத்தியநாதன் தம்பதியர் சென்னை வந்து சிந்தாதிரிப்பேட்டையில் அமர்ந்தார்கள். 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் நெசவாளர்களுக்காக ஏற்படுத்திய பேட்டை அது. தறிகளும் கோவில்களும் துபாஷ் குடும்பங்களின் வீடுகளும் நெருங்கிய அந்தத் தெருக்களில் ஒரு போதகரின் மனைவிக்குச் சபை விதித்திருந்த வேலை குறுகியது: சபைப் பெண்களைச் சந்திப்பது, ஞாயிறுப் பள்ளி நடத்துவது, நோயாளிகளைப் பார்ப்பது. அன்னா அந்த எல்லையைத் தாண்டினார். இந்துப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். பிறகு வீடுகளுக்குள் சென்று பெண்களுக்குக் கற்பிக்கும் பணியைத் தொடங்கினார்.

இந்த வீட்டுக் கல்வியைச் ‘சனானா’ வேலை என்று மிஷன் அறிக்கைகள் அழைத்தன. வீட்டில் பெண்கள் ஒதுங்கி வாழும் உட்பகுதியைக் குறித்து வட இந்தியாவிலிருந்து வந்த அந்தச் சொல் சென்னைக்குச் சரியாகப் பொருந்தாது. வங்காளத்தில் இருந்ததைப் போன்ற திரைமறைவு தமிழ் இந்து வீடுகளில் இல்லை. முஸ்லிம் குடும்பங்களில்தான் கோஷா என்னும் திரைமறைவு இருந்தது. 1885இல் சென்னையில் பெண்களுக்கென்று தொடங்கிய மருத்துவமனை சாதி இந்துப் பெண்களையும் கோஷாப் பெண்களையும் தனித்தனியே தன் பெயரில் குறிப்பிட்டதே இந்த வேறுபாட்டுக்குச் சான்று. பிறகு தமிழ் வீட்டில் எது தடையாக இருந்தது? வயதுதான். பெண்பிள்ளை பத்து, பதினோரு வயதை எட்டியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டாள். கல்யாணமும் புக்ககமும் வந்தன. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய நேரத்தில் படிப்பு நின்றது. சில ஆண்டுகளில் கற்றதும் மறந்தது. பெண்பள்ளி எத்தனை வைத்தாலும் இந்த ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்காது. பள்ளிக்கு வர முடியாதவளிடம் பள்ளி போனால் மட்டுமே கல்வி தொடரும். அன்னாவின் வீட்டுக் கல்வி இந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்ட ஏற்பாடு. வாசிப்பு, எழுத்து, கொஞ்சம் கணக்கு, தையல், கம்பளி நூல் பின்னல், பாட்டு, அவற்றோடு வேதபாடம் என்று சனானாப் பணியின் பாடங்கள் அமைந்திருந்தன.

அந்த வீடுகள் கதவைத் திறந்ததற்குக் காரணம், வந்தவர் ஒரு தாய் என்பதே. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வெள்ளைக்கார மிஷனெரி அம்மாளிடம் இருந்த அதிகாரம் அன்னாவிடம் இல்லை. ஆண் வாத்தியாரை உள்ளே விட முடியாது. சேலையுடுத்து, தமிழ் பேசி, பிள்ளை பெற்று வளர்க்கும் ஒரு பெண், ஒரு தாயிடம் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச வருகிறாள் என்றால் அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு அது விளங்கும் உறவு. அவர் எழுதிய நூலின் தலைப்பும் அவர் செய்த வேலையும் இங்கே பொருந்திப்போகின்றன. அவருக்குத் தாய்மை ஓர் அனுமதிச் சீட்டாக இருந்தது என்று மட்டும் சொன்னால் அவரைச் சிறுமைப்படுத்தியதாகும். அவர் அதை முழு மனத்தோடு நம்பினார். நம்பியதால்தான் அது பயன்பட்டது.

1860களிலும் 1870களிலும் சென்னையில் பெண்கல்வியைப் பற்றிப் பேசியவர்கள் பலர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1869இல் ‘பெண்மதி மாலை’யும் 1870இல் ‘பெண்கல்வி’யும் வெளியிட்டார். ஆங்கிலேயச் சமூகச் சீர்திருத்தவாதி மேரி கார்ப்பெண்டர் 1866இல் இந்தியா வந்து, பெண் ஆசிரியர்கள் இல்லாமல் பெண்பள்ளிகள் நிலைக்காது என்று அரசிடம் வலியுறுத்தினார். பெண்களுக்கு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி வேண்டும் என்பது அவருடைய திட்டம். உண்மையான தட்டுப்பாடு அங்கேதான் இருந்தது. பணம் கொடுக்க அரசு இருந்தது, நூல் எழுத வேதநாயகர் இருந்தார். மணியடித்ததும் வகுப்பில் போய் நிற்க ஒரு பெண் வேண்டுமே! அந்தப் பெண்கள் பெரும்பாலும் கிறிஸ்தவ சபைகளிலிருந்து வந்தார்கள்: உபதேசிமாரின் மனைவியர், விதவைகள், போர்டிங் பள்ளியில் படித்த மகள்கள். அவர்களைச் சேர்த்து, பழக்கி, எந்தத் தெருவுக்கு யார் போவது என்று ஏற்பாடு செய்து, வீடு வீடாகப் போய்ப் பாடம் கேட்டு, ஆண்டறிக்கை எழுதும் வேலையை ஒருவர் செய்யவேண்டும். சென்னையில் அதைச் செய்தவர்களில் அன்னா முன்வரிசையில் இருந்தார். சென்னையின் சனானாப் பணியைப் பற்றி அவர் எழுதிய சுருக்கமான வரலாறு 1878இல் லண்டனில் அச்சானது. இன்று இதற்கு நிர்வாகம் என்று பெயர். அவர் காலத்தில் அதற்குப் பெயரே இல்லாததால், ‘போதகரின் மனைவி உதவிவந்தார்’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த ஒரு வாக்கியம் மறைத்த உழைப்பு கொஞ்சமல்ல.

இனி மறுப்புகளுக்கு வருவோம். வலுவானது முதலில். இந்தக் கல்வி மதமாற்றத்துக்கான தூண்டில் என்பது அன்றும் சொல்லப்பட்டது, இன்றும் சொல்லப்படுகிறது. வேதபாடம் இல்லாமல் அன்னா கற்பித்ததில்லை. கிறிஸ்துவை அறிவிப்பது தம் கடமை என்று அவர் நம்பினார். அதை மறைத்து அவரைப் பொதுவான கல்வித் தொண்டராகச் சித்திரிப்பது அவருக்கே செய்யும் அநீதி. ஆனால் தூண்டில் என்ற உவமையில் ஒரு குறை உண்டு. அது கற்றவர்களை மீன்களாக்கிவிடுகிறது. அந்தக் குடும்பங்கள் என்ன நடக்கிறது என்று அறியாதவை அல்ல. 1841இல் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சனின் பள்ளியில் மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றதும் பள்ளியே ஏறக்குறைய காலியாகிவிட்டது. அந்த நினைவு சென்னை வீடுகளில் இருந்தது. அது தெரிந்தும் அவர்கள் ஆசிரியையை உள்ளே விட்டார்கள் என்றால், எதை வாங்கிக்கொள்வது, எதை விடுவது என்று கணக்குப் போட்டுத்தான் விட்டார்கள். எழுத்தையும் தையலையும் எடுத்துக்கொண்டு ஞானஸ்நானத்தை மறுத்த வீடுகளே மிகப் பெரும்பான்மை. சனானாப் பணியால் சபையில் சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. அதனால் ஏமாற்றமடைந்த மிஷன் ஆதரவாளர்களும் உண்டு. மதம் மாற மாட்டார்கள் என்று தெரிந்த பிறகும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருப்பது எந்த வகை உழைப்பு என்று மறுப்பவர்களிடம் கேட்கிறேன். 1882இல் அரசு அமைத்த ஹண்டர் கல்விக் குழு இந்த வீட்டுக் கல்விக்குப் பொதுப்பணத்திலிருந்து உதவலாம் என்று பரிந்துரைத்தது. அதன் கல்விப் பயன் அரசின் கண்ணுக்கே தெரிந்தது என்பதற்கு அது சாட்சி.

இரண்டாவது மறுப்பு பெண்ணிய நோக்கிலிருந்து வருவது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். நல்ல தாய், நல்ல மனைவி, சுத்தமான வீடு, பின்னல் வேலை ஆகியவையெல்லாம் விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் குடும்ப இலட்சியத்தைத் தமிழ்ப் பெண்ணின் தலையில் ஏற்றியவை, ஆகவே இது விடுதலை அல்ல என்கிறார்கள். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பெண் வீட்டுக்குரியவள் என்பதை அன்னா மறுக்கவில்லை; மறுக்கச் சொல்லியிருந்தால் திகைத்திருப்பார். அவர் உடுத்தாத உடையை நாம் உடுத்திவிட வேண்டாம். ஆனால் ஒரு கருத்தை அது தோன்றிய இடத்தை வைத்து மட்டும் அளக்கக் கூடாது, அது எதை இயங்கச் செய்தது என்றும் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு அறிவு கொடுப்பது தாயின் கடமை என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், அந்தத் தாய் எவ்வளவு கற்கலாம் என்பதற்கு யார் எல்லை போடுவது? வாசித்தால் போதுமா, கணக்கு வேண்டாமா, உடற்கூறு தெரியாதவள் பிள்ளைக்கு வைத்தியம் பார்ப்பது எப்படி என்று கேள்வி வளர்ந்துகொண்டே போகும். வேறு வாதங்கள் கல்விக்கு வாசலைக் காட்டின. தாயின் கடமை என்ற வாதம் கல்வியை அடுப்படி வரை கொண்டுபோய், அங்கிருந்து வெளியே வழி விட்டது. அன்னாவின் வாழ்க்கையே அதற்கு எடுத்துக்காட்டு. வீட்டைப் பேணச் சொல்லிக் கற்பித்த அவர், தம் வீட்டிலிருந்து வெளியே போய்த்தான் அதைக் கற்பித்தார். 1878இல் கணவருடன் இங்கிலாந்துக்கும் கப்பலேறினார்.

மூன்றாவது மறுப்பு சாதியைப் பற்றியது. இதற்கு முழு விடை என்னிடம் இல்லை. உயர்சாதிப் பெண்பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி, வசதியான வீடுகளுக்கே ஆசிரியை என்று இந்தப் பணி அமைந்திருந்தது. தெருவில் சாணி பொறுக்கிய பிள்ளைக்கு அந்த ஆசிரியை வரவில்லை. மேலிருந்து கல்வி வழிந்து கீழே வரும் என்ற நம்பிக்கை அக்காலத்து அரசுக்கும் மிஷனுக்கும் பொதுவாக இருந்தது, அது பொய்த்தது. இந்தக் குறையை அன்னாவின் கணக்கிலிருந்து நான் நீக்கப்போவதில்லை. ஆனால் அதே ஏற்பாட்டுக்குள் வேறொன்றும் நடந்தது. அந்த வீடுகளுக்குக் கற்பிக்கப் போன உதவி ஆசிரியைகளிலும் வேதாகம ஸ்திரீகளிலும் பலர் எளிய சபைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். கிணற்றில் தண்ணீர் எடுக்க அனுமதி பெற்றிராத குலத்தின் மகள் பாடம் சொல்ல, அந்தக் கிணற்றுக்குச் சொந்தக்கார வீட்டு மருமகள் கேட்டு எழுதும் காட்சி அதற்கு முன் சென்னையில் கண்டறியாதது. அந்த ஆசிரியைக்குக் கிடைத்த மாதச் சம்பளமும் முக்கியம். விதவைக்கும் ஏழைக்கும் கௌரவமான சம்பாத்தியமாக ஆசிரியப் பணி தமிழ்ப் பெண்ணுக்கு முதலில் அறிமுகமானது இந்த வழியில்தான்.

ஒரு குடும்பத்தின் வசதியால் நடந்ததைத் தனிமனிதச் சாதனையாகச் சொல்லலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. தந்தையும் கணவரும் வழிவிட்டார்கள் என்பது உண்மை. வழி கிடைத்த எல்லாப் போதகர்களின் மனைவியரும் ‘நல்ல தாய்’ எழுதவில்லை என்பதும் உண்மை. இதற்கு மேல் அந்தக் கேள்வியில் நிற்க வேண்டியதில்லை.

இனி அவருடைய செயலின் விளைவுக்கு வருவோம். 1878ஆம் ஆண்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு. இங்கிலாந்திலிருந்து திரும்பிய அன்னா அந்த ஆண்டிலேயே காலமானார். அதே ஆண்டில், மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில் பிறந்த கிருபாபாய் என்ற பதினாறு வயதுப் பெண் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தங்கியது சத்தியநாதன் குடும்பத்தின் வீட்டில். சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கி அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. உடல்நலம் கெட்டதால் கிருபாபாய் படிப்பை விட்டார். பின்னால் சாமுவேலை மணந்தார், உதகமண்டலத்தில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், ‘சகுணா’, ‘கமலா’ என்று இரண்டு நாவல்களை ஆங்கிலத்தில் எழுதினார். படிக்க ஆசைப்படும் பெண்ணின் மனத்தை உள்ளிருந்து காட்டும் நாவல்கள் அவை. புகுந்த வீட்டின் கொடுமையை மறைக்காதவை. அன்னாவின் தாய்மார் நூலில் இல்லாத கோபம் அவற்றில் உண்டு. 1894இல் கிருபாபாய் முப்பத்திரண்டு வயதில் மறைந்தார். அதே ஆண்டில் சாமுவேல் சென்னை மாகாணக் கல்வி வரலாற்றை எழுதி வெளியிட்டார். வீட்டில் தாய் தொடங்கிய வேலையை மகன் மாகாணத்தின் வரலாறாக எழுதினார் என்று அதைப் படிக்கலாம்.

சாமுவேல் 1898இல் மணந்த கமலா, ராஜமுந்திரியில் பிறந்தவர், பட்டதாரி. தென்னிந்தியப் பெண்களில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். 1901இல் ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்ற மாத இதழைச் சென்னையில் தொடங்கினார். ஓர் இந்தியப் பெண் ஆசிரியராக இருந்து நடத்திய ஆங்கில இதழ்களில் அது முன்னோடி. 1906இல் சாமுவேல் ஜப்பானில் இறந்ததும் இரண்டு குழந்தைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டே இதழையும் நடத்தினார். தாய்மையையும் பொதுப்பணியையும் அவர் தனித்தனியாக வைத்துப் பார்க்கவில்லை. மாமியாரை அவர் கண்டதில்லை. ஆனால் இரண்டும் ஒன்றே என்று அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவர் வாழ்ந்து காட்டியிருந்தார்.

அந்த இதழில்தான் 1905இல் வங்காள எழுத்தாளர் ரொகேயா சகாவத் ஹொசேனின் ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதை வெளிவந்தது. அந்தக் கதையின் நாட்டில் ஆண்கள் வீட்டின் உட்பகுதியில் அடைந்து சமைக்கிறார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். பெண்கள் பல்கலைக்கழகங்களில் ஆராய்கிறார்கள், வெயிலைச் சேமிக்கிறார்கள், நாட்டை ஆள்கிறார்கள். சனானா தலைகீழாகிவிட்டது. சனானாவுக்குள் அரிச்சுவடியோடு போன அன்னா மறைந்து அப்போது 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கதையை அவர் படித்திருந்தால் முதலில் திடுக்கிட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு, அந்த நாட்டின் ஆண்களுக்குப் பிள்ளை வளர்ப்பை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டிருப்பார்.